சோமாலிலாந்து கேட்பது பிரிவினையா?

சோமாலிலாந்தைப் 'பிரிவினைப் பகுதி' என்று கற்பிப்போர் உளர். என் வகுப்பில் அச்சொல்லுக்கு இடமில்லை. 1960 ஜூன் 26-இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற நாடு அது. ஐந்தே நாளில், தானே முன்வந்து, இத்தாலியரின் நிருவாகத்தில் இருந்த தெற்குச் சோமாலியாவுடன் இணைந்தது. விரும்பிச் சேர்ந்தவர் விலகக் கூடாதா? 1988-இல் சியாட் பாரே அரசின் விமானங்கள் ஹர்கெய்சா விமான நிலையத்திலிருந்தே எழும்பி அந்நகரையே குண்டுவீசித் தகர்த்தன. அதன் பின்னுமா ஒற்றுமை? 1991-இல் விலகினர். எல்லைகள் மாறலாகாது என்கிறது ஆப்பிரிக்க ஒன்றியம். அவர்கள் கேட்பதும் 1960-இன் எல்லையைத்தானே! (கிழக்கே லாஸ் அனோட் மக்கள் 2023-இல் இவ்வரசையே எதிர்த்ததை நான் மறைக்கவில்லை.) 2024-இல் தேர்தலில் தோற்ற அதிபர் அமைதியாகப் பதவியை ஒப்படைத்தார். இருந்தும், 2025 டிசம்பரில் இஸ்ரேல் முன்வரும்வரை ஐ.நா. உறுப்பு நாடு ஒன்றுகூட அங்கீகரிக்கவில்லை.