கறுப்புக்காட்டுப் பெண்ணும் மறந்துபோன பாட்டுக்காரரும்

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஞாயிறு பின்னேரங்களில் பழைய படம் போடுவோம். "எந்தப் படம் வேணும்?" என்று கேட்டால் அதிகம் பேர் சொல்லும் பெயர் 'ஷ்வார்ட்ஸ்வால்ட்மெடல்'. கறுப்புக்காட்டுப் பெண் என்று பொருள். ஹான்ஸ் டெப்பே இயக்கி 1950இல் வந்த படம். 1917இல் பெர்லினில் மேடையேறிய ஓப்பரெட்டா எனும் இசை நாடகத்தைத் தழுவியது.

கதை பெரிசாக ஒன்றுமில்லை. பெர்பெலே என்ற பெண், ஹான்ஸ் என்ற ஓவியர், இடையில் அவளை மனதுக்குள் விரும்பும் ஒரு வயதான தேவாலய இசையாசிரியர். மற்றதெல்லாம் மலை, மரம், திருவிழா, சிவப்பு நூல் பந்துகள் வைத்த தொப்பி. கலியாணமாகாத பெண்ணுக்குச் சிவப்பு, கலியாணமான பெண்ணுக்குக் கறுப்பு.

ஆனால் அந்தச் சனத்துக்கு அது சும்மா படமில்லை. நகரங்கள் குண்டுபட்டுக் கிடந்த காலத்தில், போருக்குப் பின் மேற்கு ஜேர்மனி எடுத்த முதல் வண்ணக் கதைப்படம் அது. ஒரு கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த இலட்சக்கணக்கான ஜேர்மானியரும் அப்போது அங்கே இருந்தார்கள். எங்கள் இல்லத்து அம்மா ஒருவர் படம் முடிய, "எங்கட ஊர் இப்ப போலந்தில" என்பார். அந்த ஏக்கம் எனக்கு விளங்கும். காங்கேசன்துறைப் பக்கம் எங்கட வீடு வருசக்கணக்காய் இராணுவ வலயத்துக்குள் கிடந்தது.

சரி, அந்தப் பாட்டுகளுக்கு இசையமைத்தவர் யார்? லியோன் ஜெஸ்ஸல். 1871இல் ஸ்டெட்டின் நகரில் பிறந்த யூதர். அவருடைய ஊரும் இன்று போலந்தில்தான். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அவருடைய படைப்புகளைத் தடை செய்தார்கள். யூதர்மீதான வெறுப்பைப் பற்றி அவர் எழுதிய ஒரு கடிதம் அகப்பட்டது. 1941 டிசம்பரில் கெஸ்டாப்போ பிடித்துச் சித்திரவதை செய்தது. 1942 ஜனவரி 4இல் பெர்லின் யூத மருத்துவமனையில் இறந்தார்.

ஒன்பது வருசத்துக்குள், அவருடைய இசையை வைத்தே ஒரு நாடு தன் காயத்தை ஆற்றிக்கொண்டது. அவருக்கு என்ன நடந்தது என்று நான் கேட்ட எவருக்கும் இல்லத்தில் தெரியவில்லை. பெர்லினில் ஒரு சதுக்கத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. ஆனால் பாட்டைப் பாடும் வாய்களில் அந்தப் பெயர் இல்லை.

படத்தைக் குறை சொல்ல வரவில்லை. ஊரை நினைத்து அழுகிறவர்களை நான் எப்படிக் குறை சொல்வது? ஆனால் தன் இழப்பை மட்டும் பாடிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரனுக்கு என்ன நடந்தது என்று கேளாமல் விடுவது சரியில்லை.

இது எங்களுக்கும்தான். இங்கே எங்கட சங்க விழாக்களில் பனை, கிணறு, கோயில் திருவிழா என்று ஊர்ப் பாட்டுப் பாடி நானும் கண் கலங்கியிருக்கிறேன். அதே ஊர்களில்தான் 1990 ஒக்டோபரில் முஸ்லிம் சனம் சில மணித்தியால அவகாசத்தில் புலிகளால் வெளியேற்றப்பட்டது. அவர்களும் எங்கட சந்தையில், எங்கட தெருவில் இருந்த ஆக்கள். எந்த விழாவிலும் அவர்களைப் பற்றி ஒரு சொல் நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அடுத்த முறை படம் போடும்போது, முதலில் ஜெஸ்ஸலைப் பற்றி இரண்டு நிமிடம் கதைக்கப்போகிறேன். எங்கட விழாவிலும் அப்படி இரண்டு நிமிடம் கேட்கப்போகிறேன். தருவார்களா தெரியாது, கேட்டுப் பார்க்கிறேன்.