சீவாளிக்கும் ஆறு வேண்டும்

சித்திரையில் எங்கள் சட்டைநாதர் கோயிலில் திருமுலைப்பால் உற்சவம். நாயனச் சத்தம் கேட்டாலே மனசு நிறைந்துவிடும். இப்போதெல்லாம் கூடவே ஒரு கவலையும் வருகிறது.

வித்வான் எவ்வளவு பெரியவரானாலும் சத்தம் பிறப்பது சீவாளியில்தான். காவிரிக் கரையில் வளரும் கொருக்கை என்னும் நாணலை அறுத்து, காயவைத்து, பதப்படுத்திக் கட்டுவது அது. திருவாவடுதுறை அதற்குப் பேர்போன ஊர். நாயனம் கடைய ஆச்சா மரம். அதுவும் நன்றாக முற்றிக் காய்ந்ததாக இருக்கவேண்டும். அதனால் நரசிங்கம்பேட்டை ஆசாரிகள் பழைய வீடுகளைப் பிரிக்கும் இடங்களில் தூணும் உத்தரமும் தேடி வாங்குகிறார்கள். பிரிப்பதற்குப் பழைய வீடுகள் இன்னும் எத்தனை நாளைக்கு?

2022-ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் ஆற்றங்கரையை யார் பார்ப்பது? மணல் அள்ளிப் படுகை பள்ளமாகிறது. கரைகளில் சிமெண்ட் ஏறுகிறது. கோடையில் ஆறு வறள்கிறது. அதே 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நாணல் எங்கே வேர் பிடிக்கும்?

நான் பிரெஞ்சில் படித்தவன். தென்பிரான்சில் வார் என்றொரு பகுதி. ஓபோ, கிளாரினெட் வாத்தியங்களுக்கான நாணலை அங்கே தோட்டம் போட்டு வளர்த்து வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறார்கள். அவர்களுக்கு அது விவசாயம்.

நாமும் கரையோரம் கொஞ்சம் இடத்தைக் கொருக்கைக்கு விடலாம். கோயில் நிலங்களில் ஆச்சாக் கன்று நடலாம். பலன் நம் பேரன்களுக்குத்தான். கலைஞருக்குப் பொன்னாடை போர்த்தினால் மட்டும் போதாது. அவர் வாயில் வைக்கும் சீவாளியையும் காப்பாற்ற வேண்டும்.