பாட்டு கற்றாயிற்று, பிழைப்பு?

மார்கழி மாதச் சென்னைக்கு இரண்டு முகம் உண்டு. சாயங்காலம் ஆறரை, ஏழு மணிக்கு சபா வாசலில் கார்கள் நிற்க இடம் இருக்காது. டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று பலகை வைத்திருப்பார்கள். அதே சபாவில் மதியம் போய்ப் பாருங்கள். பாடுகிறவருக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். பல சபாக்களில் அந்த நேரத்துக்கு டிக்கெட்டே கிடையாது. முன்வரிசையில் அப்பா, அம்மா, அத்தை, குருநாதர். நடுவில் நிஜமாகவே பாட்டுக் கேட்க வந்த கொஞ்சம் பேர். பின்னால் கேன்டீனில் கூட்டம் குறையட்டும் என்று ஃபேன் காற்றில் உட்கார்ந்திருப்பவர்கள். மேடையில் தோடியோ காம்போதியோ பிரமாதமாகப் போய்க்கொண்டிருக்கும். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

இப்போது அந்தப் பாடகியின் கணக்கு நோட்டைக் கொஞ்சம் புரட்டுவோம். பட்டுப் புடவை, தம்புராவோடு போய் வர வாடகைக் கார், வயலின்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் கொடுக்க வேண்டியது, இந்தக் காலத்தில் வீடியோ எடுப்பவருக்கு வேறு தனியாக. கச்சேரி முடிந்து சபா செயலாளர் ஒரு கவர் கொடுப்பார். பிரித்துப் பார்த்தால் இந்தச் செலவில் பாதிகூடத் தேறுமா என்பது சந்தேகம். சில இடங்களில் கவரே கிடையாது. மேடை கொடுத்ததே பெரிய விஷயம் என்று சொல்லிவிடுவார்கள். காசு கொடுத்தால்தான் மேடை என்ற குற்றச்சாட்டும் வருஷக்கணக்காக உலாவுகிறது.

ஆக, பதினைந்து வருஷம் ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டு, அதைச் செய்து காட்ட வீட்டுக் காசைப் போட வேண்டியிருக்கிறது. எத்தனை வருஷத்துக்கு? இந்தக் கேள்விக்கு யாரிடமும் சரியான பதில் இல்லை.

குருகுலம் இரண்டு பாடம் நடத்தியது

குருகுலம் என்றதும் எல்லோரும் அதிகாலைச் சாதகத்தையும் குருவின் கண்டிப்பையும்தான் பேசுவார்கள். அங்கே இன்னொரு பாடமும் நடந்தது. சிஷ்யன் குருவோடு ரயில் ஏறினான். மேடையில் பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டினான், பின்பாட்டுப் பாடினான். எந்த ஊரில் எந்த மாதிரி ரசிகர்கள், கல்யாணக் கச்சேரியில் என்ன பாடலாம், தொண்டை கட்டினால் கச்சேரியை எப்படி ஒப்பேற்றுவது, பக்கவாத்தியக்காரரை எப்படி நடத்துவது, சம்பாவனையை எப்படிப் பேசுவது என எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தான். நாலு பெரிய மனிதர்களுக்கு அவன் முகம் தெரிந்தது. இதெல்லாம் தொழிற்பயிற்சி, யாரும் அப்படிப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். சாப்பாடும் குரு வீட்டிலேயே கிடைத்துவிட்டது.

அந்த முறையிலும் குறைகள் நிறைய. வருஷக்கணக்கில் வீட்டு வேலை மட்டும் வாங்கிய குருமார்கள் உண்டு. எந்தச் சாதிப் பையனுக்கு எந்தக் குருவின் வீட்டு வாசல் திறந்தது, பெண்களுக்கு எங்கே இடம் இருந்தது என்பதெல்லாம் தனிக் கதை. பழைய காலம் பொற்காலம் என்று யாரும் இங்கே வாதாடவில்லை. ஆனால் குருகுலம் போனபோது அதன் இசைப் பாடத்துக்கு மாற்று வந்தது. வகுப்பு, பாடத்திட்டம், ஒலிப்பதிவு, ஸ்கைப், ஜூம் எல்லாம் வந்தன. பிழைப்புப் பாடத்துக்கு ஒன்றும் வரவில்லை. வாரம் ஒரு மணி நேரம் கணினித் திரையில் பார்க்கிற சிஷ்யைக்கு, குரு ஒரு சபாவோடு எப்படிப் பேசுகிறார் என்பது எப்படித் தெரியும்?

படிப்பு இருக்கிறது, பாலம் இல்லை

படிக்க இடமே இல்லை என்று சொல்ல முடியாது. அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கியது 1929-இல். கலாக்ஷேத்ரா 1936-இல் தொடங்கியது. சென்னையில் அரசு கர்நாடக இசைக் கல்லூரி 1949-இல் வந்தபோது அதன் முதல்வர் முசிறி சுப்பிரமணிய ஐயர். இன்று சென்னை, மதுரை, கோவை, திருவையாறு என அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. மாவட்ட இசைப்பள்ளிகளில் குரலிசை, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம் என்று மூன்றாண்டுப் படிப்புகள் இருக்கின்றன. 2013-இல் இசைக்கென்றே ஒரு பல்கலைக்கழகமும் வந்தது. மியூசிக் அகாடமி 2010-இல் உயர்நிலைப் பயிற்சிக்காகத் தனிப் பள்ளியே தொடங்கி, மூத்த வித்வான்களை வைத்து மூன்று ஆண்டுகள் கற்றுத் தருகிறது. இவையெல்லாம் நல்ல காரியங்கள்.

ஆனாலும் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். கடந்த முப்பது வருஷத்தில் மேடையில் கொடி நாட்டியவர்கள் கல்லூரியில் என்ன படித்தார்கள்? சஞ்சய் சுப்ரமணியன் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். சௌம்யா சென்னை ஐ.ஐ.டி.யில் வேதியியல் முதுகலை. டி.எம்.கிருஷ்ணா பொருளாதாரம். இசைக் கல்லூரியில் படித்தவர்களில் பெரும்பாலோர் எங்கே போனார்கள் என்று கேட்டால், பள்ளிக்கூட இசை ஆசிரியர் வேலைக்கு என்பதுதான் பொதுவான பதில். ஆசிரியர் வேலை மட்டம் என்று அர்த்தம் இல்லை. சான்றிதழுக்கு ஒரு பாதை, மேடைக்கு வேறொரு பாதை, இரண்டும் எங்குமே சந்திப்பதில்லை என்பதுதான் இங்கே பிரச்னை.

மேடைப் பாதைக்கு அஸ்திவாரம் குடும்பம்தான். "முதலில் ஒரு டிகிரி வாங்கு, பாட்டு எங்கே ஓடிப் போகிறது" என்று வீட்டில் சொல்வது பயத்தால். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் டிகிரியும் வாங்கி, சாதகமும் செய்து, இருபத்தெட்டு வயது வரை சம்பளம் இல்லாமல் காத்திருக்க யாரால் முடியும்? மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ சொந்த வீடு இருந்தால் முடியும். வெளிநாட்டில் அண்ணன் இருந்தால் முடியும். மன்னார்குடியிலிருந்து வந்து நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிற பையனால் முடியாது. அவனிடம் இவர்களைவிட நல்ல ஞானம் இருக்கலாம். ஆனால் இருபத்து நாலாவது வயதில் ஏதாவது ஒரு கம்பெனியில் சேர்ந்துவிடுவான். அதோடு அந்தப் பாட்டு முடிந்தது. நாம் அதைக் கேட்கப் போவதே இல்லை என்பதால், இழந்தோம் என்றுகூட நமக்குத் தெரியாது.

முன்பெல்லாம் பெரிய வித்வான்களுக்கே நிலையான வேலை இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம். ஜி.என்.பாலசுப்பிரமணியம் வானொலியில் பணியாற்றினார், பிறகு திருவனந்தபுரம் இசைக் கல்லூரிக்கு முதல்வராகப் போனார். அவருக்கு முன் அதே நாற்காலியில் செம்மங்குடி இருந்தார். வானொலி நிலைய வித்வான் என்பது கௌரவமான மாதச் சம்பள வேலை. அந்தப் பணியிடங்கள் இன்று பெரிதும் சுருங்கிவிட்டன. வானொலி ஆடிஷனில் கிடைக்கும் பி, பி-ஹை, ஏ, டாப் என்ற கிரேடு மட்டும் இன்னும் விசிட்டிங் கார்டில் இடம் பிடிக்கிறது.

உதவித்தொகை? மத்திய அரசின் கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் 2 ஆண்டுகள் கொடுக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. கிடைப்பவர்களுக்குப் பெரிய உதவிதான். ஆனால் சென்னையில் அந்தத் தொகைக்கு ஒரு கட்டில் வாடகைக்குக் கிடைக்கும், அறை கிடைக்காது.

ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்

பாடகர்களைப் பற்றியாவது யாரோ பேசுகிறார்கள். பக்கவாத்தியக்காரர்கள்? இளம் மிருதங்க வித்வானுக்குச் சபாக் கச்சேரியைவிட நாட்டிய அரங்கேற்றத்தில்தான் கைக்குக் காசு வரும். அதனால் ஒத்திகை, அரங்கேற்றம், மறுபடி ஒத்திகை என்று நாள் போய்விடும். சாதகம் செய்யவும் பெரிய கச்சேரிகளைக் கேட்கவும் நேரம் எங்கே? கடம், கஞ்சிரா, மோர்சிங் வாசிப்பவர்கள் நிலைமை இன்னும் ஒரு படி கீழே. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் வெட்டப்படுவது உபபக்கவாத்தியம்தான்.

நாதஸ்வரம், தவில் கதை வேறு மாதிரி. அவர்களுக்குக் கோயிலும் கல்யாணமும் உண்டு, அதனால் ஓரளவு வருமானமும் உண்டு. ஆனால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேட்க ஆள் உள்ள மேடை அவர்களுக்கு அரிது. சபா விழாவின் தொடக்கத்தில் மங்கள இசை என்று கொஞ்ச நேரம் கொடுப்பார்கள், அப்போது ஹாலில் நாற்காலி சரிசெய்துகொண்டிருப்பார்கள்.

மயாமியில் ஒரு வாத்தியக் குழு

அமெரிக்காவில் மயாமி பீச் என்ற ஊரில் நியூ வேர்ல்டு சிம்பனி என்று ஒன்று இருக்கிறது. மைக்கேல் டில்சன் தாமஸ் என்ற இசை நடத்துநர் 1987-இல் இணைந்து தொடங்கியது. கல்லூரிப் படிப்பு முடித்த இளம் வாத்தியக் கலைஞர்களை எடுத்து, மூன்று ஆண்டுகள் வரை வைத்துக்கொள்கிறார்கள். தங்க இடமும் உதவித்தொகையும் உண்டு. வாரா வாரம் நிஜமான கச்சேரி. கூடவே மாதிரி ஆடிஷன், பெரிய வாத்தியக் குழுக்களில் இருப்பவர்களிடம் பயிற்சி, மேடையில் பார்வையாளர்களிடம் பேசுவது, பள்ளிக் குழந்தைகளுக்குச் சொல்லித் தருவது என்று பலதும் பாடத்தில் உண்டு. படிப்புக்கும் தொழிலுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்துக்கென்றே கட்டிய பாலம் அது.

அதை அப்படியே காப்பியடிக்க முடியாது. அங்கே பாலத்துக்கு அந்தப் பக்கம் மாதச் சம்பள ஆர்க்கெஸ்ட்ரா வேலை இருக்கிறது, அதற்கும் பயங்கரப் போட்டி. இங்கே அந்தப் பக்கம் சம்பளமே இல்லை. ஒவ்வொரு வித்வானும் தனக்குத் தானே முதலாளி, தானே மேனேஜர், தானே டிரைவர். அப்படியானால் இந்தப் பயிற்சி இங்கேதானே அதிகம் தேவை?

"கலைக்கு விலை பேசலாமா?"

இந்தக் கேள்வி உடனே வரும். தியாகராஜர் உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தார், ராஜா அழைத்தும் போகவில்லை என்பார்கள். சரி. அவர் டிக்கெட் போட்டு விற்கவில்லை, பின்னால் நகைக்கடை பேனரும் கட்டவில்லை. சபா இரண்டையும் செய்கிறது. மேடைக்காரர், மைக்காரர், கேன்டீன்காரர் எல்லோருக்கும் பணம் போகிறது. தியாகம் மட்டும் இருபது வயதுக்காரருக்கு மட்டும் என்றால் அதற்குப் பெயர் பக்தி கிடையாது.

சபாக்களுக்கும் நெருக்கடி உண்டு, ஒப்புக்கொள்ள வேண்டும். ஹால் வாடகை ஏறிவிட்டது, மதியக் கச்சேரிக்கு வசூல் இல்லை. அப்படியானால் எண்ணிக்கையைக் குறைக்கலாம். நாற்பது இளைஞர்களுக்குக் காசில்லாத மேடை கொடுப்பதைவிட, இருபது பேருக்குக் கௌரவமான சன்மானத்தோடு கொடுப்பது நல்லது. மீதி இருபது பேர் என்ன ஆவார்கள் என்று கேட்கலாம். அவர்களுக்கு மார்கழிக்கு வெளியே, சென்னைக்கு வெளியே மேடை வேண்டும். கும்பகோணத்திலும் திருநெல்வேலியிலும் ரசிகர்கள் இல்லையா என்ன?

என்ன செய்யலாம்?

1. சிறிய தொகையானாலும் பரவாயில்லை, எந்தக் கச்சேரிக்கும் இவ்வளவுக்குக் குறையக்கூடாது என்று சபாக்கள் சேர்ந்து முடிவு செய்யட்டும். பக்கவாத்தியங்களுக்கு சபாவே நேராகக் கொடுக்கட்டும். பாடகரின் பையிலிருந்து போகக்கூடாது.

2. இசைக் கல்லூரியின் கடைசி ஆண்டில் தொழில் பாடம் வரட்டும். ஒப்பந்தம் படிப்பது, வருமான வரி, மைக் முன் பாடுவது, குரலையும் மணிக்கட்டையும் காப்பாற்றுவது, சின்னக் குழந்தைக்கு சரளிவரிசை சொல்லித் தரும் முறை. ஆன்லைன் வகுப்புதான் இன்று பல இளம் வித்வான்களின் முக்கிய வருமானம். ஆனால் கற்பிப்பது எப்படி என்று அவர்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை.

3. உரிமைகளைச் சொல்லித் தர வேண்டும். 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, நிகழ்த்திய கலை வணிக ரீதியாகப் பயன்படுத்தப்பட்டால் கலைஞருக்கு ராயல்டி உண்டு. கச்சேரியை வீடியோ எடுத்து இணையத்தில் ஏற்றுகிறவர்களிடம் அதைக் கேட்க எத்தனை பேருக்குத் தெரியும்?

4. மூத்த வித்வானோடு ஓர் இளைஞர், ஒரு வருஷம், உதவித்தொகையுடன். பின்பாட்டு, பயணம், எல்லாம் கூடவே. குருகுலத்தின் நல்ல பாதியை மட்டும் திரும்பக் கொண்டுவர இதைவிட எளிய வழி இல்லை. வெளிநாட்டில் இசை விழா நடத்துகிறவர்களும் இதற்குப் பணம் தரலாம்.

5. ரசிகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மதியக் கச்சேரிக்கு ஐம்பது ரூபாய் டிக்கெட் போட்டால் முணுமுணுக்காமல் வாங்க வேண்டும். கேன்டீனில் அதைவிட அதிகம் செலவழிக்கிறோம்.

கர்நாடக இசை அழிந்துவிடும் என்று அடிக்கடி யாராவது கவலைப்படுவார்கள். அது அழியாது. பாட ஆள் இருப்பார்கள், மார்கழியும் வரும். ஆனால் யார் பாடுவார்கள் என்பதை ஞானம் தீர்மானிக்குமா, அப்பாவின் வங்கிக் கணக்கு தீர்மானிக்குமா என்பதுதான் கேள்வி. இப்போதைக்கு இரண்டாவதுதான் ஜெயித்துக்கொண்டிருக்கிறது. அதை மாற்ற புது ராகம் எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். அந்தக் கவரில் நியாயமான தொகையை வைத்தால் போதும், தொடக்கத்துக்கு.