பட்டியல் முதலில் வரட்டும்

சிவகாசி வட்டாரத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால் புகை வீடியோ சில நிமிடங்களில் துபாய் வரை போய்விடுகிறது. அன்று உள்ளே வேலைக்கு வந்தவர்கள் யார் என்ற பட்டியல் மட்டும் எளிதில் கிடைப்பதில்லை. சிவகாசி, சாத்தூர், மதுரை என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக உறவினர் அலைகிறார்கள்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். உதவப் போனவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் பலர். பிறகு 2021-இல் அச்சங்குளம், 2023-இல் ரெங்கபாளையம், 2024-இல் ராமுதேவன்பட்டி, செங்கமலப்பட்டி, 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி. விசாரணைகளில் திரும்பத் திரும்ப வருபவை பழகிய சொற்கள்தான்: உள்குத்தகை, அளவுக்கு மீறிய வெடிமருந்து, அனுமதிக்கு மேல் ஆட்கள், மரத்தடியில் பேன்சி ரகப் பட்டாசு வேலை.

ஆபத்தில் தகவலைத் திரட்டுவது புதிதல்ல. 2010 ஹைதி நிலநடுக்கத்தில் மக்கள் அனுப்பிய குறுஞ்செய்திகளைத் தன்னார்வலர்கள் வரைபடத்தில் ஏற்றினார்கள். 2015 சென்னை வெள்ளத்தில் தண்ணீர் நின்ற தெருக்களை மக்களே இணைய வரைபடத்தில் குறித்தார்கள். அங்கெல்லாம் தகவலை ஆபத்து வந்த பிறகுதான் திரட்ட முடிந்தது. இங்கே அது முன்பே இருக்கிறது, அலுவலகத்துக்கு ஒரு கோப்பாக. உரிம விவரம் மத்திய வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும். ஆய்வுக் குறிப்பு தொழிலகப் பாதுகாப்புத் துறையிடம். பழைய வழக்குகள் காவல் நிலையத்தில். பசுமைப் பட்டாசுதானா என்று வாங்குபவர் சரிபார்க்கப் பெட்டியில் க்யூஆர் கோடு ஒட்ட முடிகிறது. அந்தப் பட்டாசுக்கு மருந்து அடைத்த அறையில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்கு மட்டும் கணக்கு இல்லையாம்!

வேலை தொடங்கும் முன் அறைவாரியாக ஆட்களின் பட்டியல் தீயணைப்பு நிலையத்துக்கும் அரசு மருத்துவமனைக்கும் கைபேசி வழியே போக வேண்டும். எந்த ஆலையின் உரிமம் எதற்காக நிறுத்தப்பட்டது என்பதை மாவட்ட இணையதளத்தில் எவரும் பார்க்க முடிய வேண்டும். தொழில் ரகசியம் என்று முதலாளிகள் சொல்வார்கள். ஆட்களின் எண்ணிக்கையில் என்ன ரகசியம்?

தொழிலாளியின் அச்சம் வேறு, அது நியாயமானதும்கூட. விதிமீறலைப் பற்றிப் புகார் சொன்னால் ஆலை மூடப்படும், அன்றிலிருந்து கூலி நின்றுபோகும். ஆகவே, மூடப்பட்ட நாட்களுக்கு உரிமையாளர் கூலி தர வேண்டும். புகார் கொடுத்தவரின் கைபேசி எண் போர்மேன் கைக்குப் போய்விடக் கூடாது.

தீபாவளி முடிந்த கையோடு அடுத்த ஆண்டுக்கான உற்பத்தி தொடங்கிவிடும். அதற்குள் சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டங்களிலாவது இந்த அறைவாரிப் பட்டியலை மாவட்ட ஆட்சியர் கட்டாயமாக்க வேண்டும்.