ஐந்து பாடம், ஒரு சாப்பாட்டு மேசை

“பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறோம்” என்று யாராவது சொன்னால், நம் மக்களிடமிருந்து முதலில் வரும் கேள்வி, “அதற்கெல்லாம் சட்டத்தில் இடம் உண்டா?” என்பதுதான். இடம் உண்டு. ஆனால் சும்மா கிடைக்காது.

சிங்கப்பூரின் கட்டாயக் கல்விச் சட்டம் 2000ஆம் ஆண்டு நிறைவேறி, 2003 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்தது. 6 வயதைத் தாண்டி, 15 வயதை எட்டாத சிங்கப்பூர்ப் பிள்ளை தேசியத் தொடக்கப்பள்ளிக்குச் சென்றாக வேண்டும். வீட்டில் கற்பிக்க விரும்பும் பெற்றோர் கல்வி அமைச்சிடம் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். யார் கற்பிக்கப் போகிறார், அவருடைய கல்வித் தகுதி என்ன, எதைக் கற்பிக்கப் போகிறார் என்பதையெல்லாம் எழுத்தில் கொடுக்க வேண்டும். விலக்குக் கிடைத்த பிறகும் ஆண்டுதோறும் முன்னேற்ற அறிக்கை உண்டு. அமைச்சின் அதிகாரி வீட்டிற்கு வந்து பார்ப்பதும் உண்டு.

பாடங்கள் ஐந்து: ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி, இவற்றோடு நற்பண்பும் குடியியலும். முடிவில் பி.எஸ்.எல்.இ. தேர்வு. அதில் ‘தேர்ச்சி’ என்பது மட்டும் போதாது. அந்த ஆண்டு நான்கு பாடங்களையும் வழக்கமான நிலையில் எழுதும் மாணவர் அனைவரையும் மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், கீழிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரைத் தாண்டி நம் பிள்ளை நிற்க வேண்டும்.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் பல பெற்றோர் செய்யும் முதல் காரியம், பள்ளியின் கால அட்டவணையை அப்படியே வீட்டுச் சுவரில் ஒட்டுவது. சுமை அங்கேதான் தொடங்குகிறது.

என்னோடு ஊடகத்துறை படித்த தோழி ஒருவர் செங்காங்கில் இருக்கிறார். ஒன்பது வயது மகள், ஏழு வயது மகன், இன்னும் நடை சரியாகப் பழகாத கடைக்குட்டி. கணவருக்கு ஷிஃப்ட் வேலை. தொடங்கிய புதிதில் காலை ஏழரை மணிக்கு வகுப்பு. அரை மணி நேரத்திற்கு ஒரு பாடம். இரண்டு பிள்ளைகள், ஐந்து பாடங்கள் என்றால் நாளொன்றுக்குப் பத்து வகுப்புகள். இடையில் சமையல், துணி, கடைக்குட்டியின் தூக்கம். இரவு வேலை முடிந்து வரும் கணவரின் கையில் பயிற்சிப் புத்தகங்கள் திருத்தக் காத்திருக்கும். மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் மகள் கேட்டாளாம்: “அம்மா, நம்ம வீட்டுல ஸ்கூல் எப்ப முடியும்?”

அந்த ஒரு கேள்விக்குப் பிறகு இருவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றியமைத்தார்கள். அவர்கள் செய்ததைப் பார்த்தும், வேறு சில குடும்பங்களோடு பேசியும் எனக்குப் புரிந்தது இதுதான்: ஐந்து பாடங்கள் என்றால் தினமும் ஐந்து வகுப்புகள் என்று பொருளில்லை. எந்தப் பாடத்தைத் தினமும் தொட வேண்டும், எதை வாரம் ஒருமுறை அள்ளிக்கொள்ளலாம், எதை வாழ்க்கையோடு சேர்த்துவிடலாம் என்று பிரித்துவிட்டாலே பாதிச் சுமை குறையும்.

கணிதம் படிப்படியாக ஏறுவது. பின்னம் புரியாத பிள்ளைக்கு விகிதம் புரியாது. அதனால் கணிதத்திற்கும் ஆங்கில வாசிப்புக்கும் தினமும் காலையில் நேரம் வேண்டும். தோழி வீட்டில் ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒருவருக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மற்றவர் தாமாக வாசிக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்கிறார்.

அறிவியலுக்கு இந்த அவசரம் தேவையில்லை. பள்ளிகளிலேயே அது மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. தொடக்கநிலை அறிவியல் பாடத்திட்டம் பன்முகத்தன்மை, சுழற்சி, அமைப்பு, இடைவினை, ஆற்றல் என்ற ஐந்து கருப்பொருள்களில் அமைந்தது. ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளையும் சேர்த்தே உட்கார வைக்கலாம். வாரத்தில் ஓர் அரைநாள் போதும். சுங்கை பூலோ சதுப்புநிலத்திற்குப் போனால் மூச்சுவேரையும் உடும்பையும் நேரில் பார்க்கலாம். செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகளும் வரும். பெரியவள் பார்த்ததை எழுதுவாள். சின்னவன் வரைவான். கடல் ஏறும் நேரத்திற்கும் இறங்கும் நேரத்திற்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிடச் சொன்னால் கணிதமும் உள்ளே வந்துவிடும்.

தேக்கா ஈரச்சந்தையும் அப்படித்தான். கால் கிலோ என்ன விலை, பத்து வெள்ளி கொடுத்தால் மீதி எவ்வளவு என்பது கணிதம். எது வேர், எது தண்டு, எது இலை, எது காய் என்பது அறிவியல். புடலங்காய், பீர்க்கங்காய், கொத்தவரங்காய் என்று பெயர் சொல்லி வாங்குவது தமிழ். ‘வெஜிடபிள்’ என்ற ஒரே சொல்லில் எல்லாக் காய்களையும் அடக்கிவிடும் பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனை பேர்!

தமிழுக்கு வருவோம். ஆங்கிலமே புழங்கும் வீட்டில் அதிகம் தள்ளிப்போடப்படும் பாடம் இதுதான். பி.எஸ்.எல்.இ. தமிழ்த் தேர்வில் வாய்மொழித் தேர்வும் கேட்டல் கருத்தறிதலும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத மதிப்பெண்ணைப் பெறுகின்றன. காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு அதைப் பற்றி உரையாட வேண்டும். பயிற்சித்தாளை மட்டும் நிரப்பிய பிள்ளை அங்கே திணறும். வானொலிக் கூடத்திற்கு வரும் இளையர்களிடமும் இதையே பார்க்கிறேன். எழுதிக் கொடுத்ததை அழகாக வாசிப்பார்கள். “சரி, உங்க வார இறுதி எப்படிப் போச்சு, சொல்லுங்க” என்றால் மூன்றாவது வாக்கியத்தில் ஆங்கிலத்திற்குத் தாவிவிடுவார்கள்.

இதற்குக் கூடுதல் வகுப்பு தேவையில்லை. தமிழ் மட்டும் பேசும் ஒரு வேளை உணவு போதும். தாத்தாவோடு தினமும் பத்து நிமிடத் தொலைபேசிப் பேச்சு, வானொலிச் செய்தி கேட்டு அதில் ஒன்றைத் திருப்பிச் சொல்வது என்று பழக்கினால் பேச்சு தானாக வரும். எழுத்துக்கு மட்டும் நோட்டுப் புத்தகம் கட்டாயம். ல, ள, ழ வேறுபாடு பேச்சில் நழுவிவிடும், எழுதினால்தான் நிற்கும். வாரத்தில் மூன்று நாள், 20 நிமிடம்.

நற்பண்பும் குடியியலும் தனிப்பாடமாக உட்கார்ந்து நடத்தினால் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். நோன்புப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டிற்குப் பலகாரம் கொண்டுபோவது, இந்திய மரபுடைமை நிலையத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பாட்டியிடம் அவர் வளர்ந்த கம்பத்தைப் பற்றிக் கேட்பது எல்லாம் இதில் அடங்கும்.

ஆனால் ஒன்று. நடந்ததைக் குறித்து வைக்காவிட்டால் அறிக்கை எழுதும்போது கையில் எதுவும் இருக்காது. வெள்ளிக்கிழமை மாலை 15 நிமிடம் ஒதுக்குங்கள். பாடத்திற்கு இரண்டு வரி, தேதியிட்ட இரண்டு படம், பிள்ளை எழுதிய ஒரு தாள். அவ்வளவுதான். ஆண்டு இறுதியில் நள்ளிரவு வரை விழித்திருந்து பழைய நாள்களைத் தேடும் வேலை மிச்சம்.

இந்தத் தளர்வு ஐந்தாம் வகுப்பு வயதோடு குறைய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நேரம் வைத்து விடை எழுதுவது தனியாகப் பழக வேண்டிய திறன். கடைசி இரண்டு ஆண்டுகளில் தேர்வுத்தாள் பயிற்சி அட்டவணையில் ஏறத்தான் வேண்டும். அதற்கான தெம்பு குடும்பத்தில் மீதமிருக்க வேண்டுமென்றால், முதல் நான்கு ஆண்டுகளில் எல்லாரையும் களைப்படைய வைக்கக் கூடாது.

களைப்பைப் பற்றிப் பேசும்போது, அது யாருடைய களைப்பு என்றும் கேட்க வேண்டும். நான் பேசிய வீடுகளில் வேலையை விட்டவர் அம்மா. கற்பிப்பவர் அம்மா. அறிக்கை எழுதுபவரும் அம்மா. தோழி வீட்டில் இப்போது கணவரின் ஓய்வு நாளில் கணிதம் அவர் பொறுப்பு. தமிழ்ப் பேச்சு தாத்தா பொறுப்பு. இன்னொரு குடும்பத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, புதன்கிழமை அறிவியலை அவர்களும் ஆங்கிலக் கட்டுரையை இவர்களும் மாற்றி மாற்றி நடத்துகிறார்கள். ஒரு பாடத்திற்குத் துணைப்பாட ஆசிரியரை அமர்த்துவதும் தோல்வியல்ல.

வீட்டுக்கல்வியைப் பற்றி யோசிக்கும் இளம் தம்பதியருக்கு என் யோசனை எளியது. விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: பாடம், யார், எப்போது. ஐந்து வரிகளிலும் ‘யார்’ கட்டத்தில் ஒரே பெயர் வந்தால் விண்ணப்பத்தை இன்னும் அனுப்பாதீர்கள். அந்தத் தாளை நடுவில் வைத்து இருவரும் மறுபடியும் பேசுங்கள். குறைந்தது இரண்டு வரிகளிலாவது வேறு பெயர் வந்த பிறகு அனுப்பலாம். வராவிட்டால், அருகிலுள்ள பள்ளியில் சேர்த்துவிட்டு மாலை நேரத்தைப் பிள்ளையோடு கழிப்பதிலும் குறையேதும் இல்லை.