வீட்டுக்குப் பக்கத்தில் கார் ஷெட்: 'நம்ம இடம்தானே' என்றால் போதுமா?

புது கார் புக் பண்ணியாச்சு. அடுத்த போன் வெல்டிங் பட்டறைக்கு. வீட்டுக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவில் நாலு இரும்புத் தூண், மேலே ஷீட். 'நம்ம இடம்தானே, யாரைக் கேட்கணும்?' என்பதுதான் பலருடைய கணக்கு.

அந்தக் கணக்கு தப்பு. அந்த இடத்துக்குப் பெயர் செட்பேக். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 படி அதைக் காலியாக விட்டே ஆகணும். வெளிச்சம், காற்று, தீப்பிடித்தால் உள்ளே போக வழி எல்லாமே அதில்தான். பக்கத்து வீட்டு ஜன்னலும் அதை நம்பித்தான் இருக்கிறது. ஷீட்டில் விழும் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்பதில் ஆரம்பித்த சண்டைகள் எந்தத் தெருவில்தான் இல்லை?

ஒரு காருக்கு விதிகள் கேட்பது 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். சின்ன மனையில் செட்பேக் போக இதை ஒதுக்குவது கஷ்டம்தான். அதனால்தான் வீட்டு பிளான் போடும்போதே ஷெட்டையும் சேர்க்க வேண்டும்.

2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. நல்ல வசதி. ஆனால் விதிப்படி கட்டுவதாக உறுதி தருவது உரிமையாளர். பிறகு முளைக்கும் ஷெட்டுக்கும் அவர்தான் பதில் சொல்லணும். 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் சீல் வைக்கவும் இடிக்கவும் அதிகாரம் இருக்கிறது. அது வராவிட்டாலும், வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வங்கி இன்ஜினீயர் பிளானைக் கையில் வைத்துக்கொண்டுதான் அளப்பார்.