பொட்டலம் போகும் பாதை

2023 டிசம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ நடவடிக்கையில் ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். பிடியாணையின்றி நடந்த சோதனைகள், பொது இடத்தில் ஆடை களைந்த சோதனைகள் பற்றிய முறைப்பாடுகளைச் சுட்டிக்காட்டி, அதை நிறுத்துமாறு 2024 ஜனவரியில் ஐ.நா. நிபுணர்கள் கேட்டார்கள்.

கேரளக் கஞ்சா வந்திறங்கும் மன்னார்க் கரையில், ஓலைத்தொடுவாயில் பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்குப் போதைப்பொருளின் அழிவைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஹெரோயின் 2 கிராமை எட்டினால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்கிறது நமது சட்டம். எனவே பொட்டலத்தை எடுத்தது யார், எங்கே நிறுத்தார்கள், எப்போது முத்திரையிட்டார்கள், அரச இரசாயனப் பகுப்பாய்வாளரிடம் சேரும்வரை யார் பொறுப்பில் இருந்தது என்பதெல்லாம் உயிர்ப் பிரச்சினை. அந்தப் பாதையில் சந்தேகத்துக்கு இடமிருக்கக் கூடாது என மேன்முறையீட்டு நீதிமன்றமும் கூறியுள்ளது.

இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 50ஆவது பிரிவு, தன்னை நீதவான் அல்லது உயர் அரச அதிகாரி முன்னிலையில் சோதிக்குமாறு கேட்கும் உரிமையைத் தருகிறது. அத்தகைய தெளிவான பாதுகாப்பை இங்கும் நாம் கோர வேண்டும்.

இது குற்றவாளிக்கு வக்காலத்து அல்ல. முறை தவறினால் நிரபராதி உள்ளே போவான். உண்மையான வியாபாரி வெளியே வருவான். பள்ளிவாசல் நிர்வாகங்கள் சட்டத்தரணிகளை அழைத்து இதை இளைஞர்களுக்கு விளக்கட்டும்.